இளவயதுப் பருமனும் எலும்பு மஜ்ஜைக் கொழுப்பும்: டெக்ஸா "நார்மல்" என்றால் விஷயம் முடிந்ததா?

#1 மல்லிப்பந்தல்

பள்ளிகளுக்கான ஊட்டச்சத்துக் கையேடு ஒன்றைச் சரிபார்க்கையில் இந்த வரி இடித்தது: "பருமனான பிள்ளைகளுக்கு வயிற்றில் சேருவதுபோலவே எலும்புக்குள்ளும் கொழுப்பு அடைகிறது, அதனால் எலும்பு பஞ்சாகிவிடும்."

படிக்கச் சரிபோலத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் உதைக்கிறது. பருமனான பிள்ளைகளுக்கு டெக்ஸா (எலும்பு அடர்த்தியை அளக்கும் எக்ஸ்ரே ஸ்கேன்) எடுத்தால் எலும்பு அடர்த்தி பெரும்பாலும் சராசரிக்கு மேலேதான் வருகிறது. இன்னொன்று, சாப்பாட்டை ஒதுக்கி ஒதுக்கி எலும்பும் தோலுமாகிப்போகும் அனோரெக்ஸியா நோயிலும் மஜ்ஜைக் கொழுப்பு கூடுகிறது என்கிறார்கள். ஒல்லிக்கும் கூடும், குண்டுக்கும் கூடும் என்றால் இது என்ன கணக்கு? விவரம் தெரிந்தவர்கள் வரியைக் கிழித்துப் போடலாம், வருத்தமில்லை.

#2 நாளமில்லான்

"அடைகிறது" என்ற சொல்தான் முதல் கோளாறு. வயிற்றுக் கொழுப்பு மிச்சத்தைப் போட்டுவைக்கும் கிடங்கு. மஜ்ஜைக் கொழுப்பு வளர்ச்சியின் ஒரு பகுதி. எல்லோருக்கும் வரும், ஒரு வரிசைப்படி வரும்.

பிறக்கும்போது மஜ்ஜை கிட்டத்தட்ட முழுவதும் சிவப்பு, அதாவது ரத்த அணுக்களைத் தயாரிப்பது. பிறகு விரல் நுனி எலும்புகளில் தொடங்கி உடலின் நடுப்பகுதியை நோக்கி மஞ்சளாகிக்கொண்டே வரும். தொடையெலும்பு போன்ற நீண்ட எலும்பில் முதலில் நடுத்தண்டு, அடுத்து கீழ்முனைப் பக்கம், கடைசியாக மேல்முனைப் பக்கம். 25 வயதுவாக்கில் பெரியவர்களின் அமைப்பு வந்துவிடும்: முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா, தொடை மற்றும் மேற்கை எலும்புகளின் மேல்முனை ஆகிய இடங்களில்தான் சிவப்பு மிஞ்சும். நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சும்போது வாயில் வழுக்குவது பெரும்பாலும் இந்த மஞ்சள் மஜ்ஜைதான். சிவப்பு மஜ்ஜையிலும் சுமார் 40 சதவீதம் கொழுப்பு உண்டு. மஞ்சளில் சுமார் 80. மெலிந்த, ஆரோக்கியமான ஒருவரின் மொத்த உடற்கொழுப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எலும்புக்குள் இருக்கிறது.

ஆகவே எலும்புக்குள் கொழுப்பு இருப்பதே நோய் என்று பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். அந்த வயதுக்கு, அந்த எலும்பில், இருக்கவேண்டியதைவிடக் கூடுதலா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒல்லி, குண்டு குழப்பத்துக்கு வருகிறேன். மஜ்ஜையில் உள்ள மெசன்கைமல் மூலசெல்லுக்கு முன்னால் இரண்டு வழி. ரன்க்ஸ்2 என்ற புரதம் மேலோங்கினால் எலும்பு கட்டும் செல். பிபிஏஆர்-காமா என்ற புரதம் மேலோங்கினால் கொழுப்புச் செல். வளர்ச்சி ஹார்மோன், அதன் ஏவலில் சுரக்கும் ஐஜிஎஃப்-1, ஈஸ்ட்ரோஜன், எலும்பின் மீது விழும் பாரம் ஆகியவை முதல் வழிக்குத் தள்ளும். கார்ட்டிசோல், பிபிஏஆர்-காமாவைத் தூண்டும் மருந்துகள் இரண்டாவதற்கு. பிபிஏஆர்-காமாவைத் தூண்டும் ரோசிகிளிட்டசோன் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுத்த பெண்களுக்கு எலும்பு முறிவு கூடியது இந்த வழியில்தான் விளங்குகிறது. (இந்தியாவில் 2010இல் அதைத் தடை செய்ததற்குக் காரணம் எலும்பு அல்ல, இதயம்.)

அனோரெக்ஸியாவில் ஐஜிஎஃப்-1 விழும், ஈஸ்ட்ரோஜன் விழும், கார்ட்டிசோல் ஏறும். பருமனில், அதிலும் குடலைச் சுற்றிய உள்வயிற்றுக் கொழுப்பு கூடினால், வளர்ச்சி ஹார்மோன் சுரப்பு மந்தமாகும். இன்சுலின் எதிர்ப்பு, மெல்லிய அழற்சி இரண்டும் சேர்ந்துகொள்ளும். புறப்பட்ட இடம் வேறு, போய்ச் சேருமிடம் ஒன்று. பட்டினி மிக முற்றினால் மட்டும் கதை மாறும்: கொழுப்பே கரைந்து மஜ்ஜை கூழ்போல ஆகிவிடும்.

2011இல் பாஸ்டனில், மாதவிடாய் முற்றிலும் நிற்கும் வயதை எட்டாத பருமனான பெண்களின் முதுகெலும்பில் அளந்தார்கள். மஜ்ஜைக் கொழுப்பு உள்வயிற்றுக் கொழுப்போடு கூடியது. ஐஜிஎஃப்-1 கூடக்கூடக் குறைந்தது. தோலுக்கடிக் கொழுப்போடு அந்தத் தொடர்பு இல்லை. அதனால் பிஎம்ஐ எண்ணை மட்டும் வைத்து மஜ்ஜையைப் பற்றி ஜோசியம் சொல்ல முடியாது.

#3 மல்லிப்பந்தல்

நன்றி டாக்டர். அப்படியானால் டெக்ஸா ஏன் நல்ல எண் காட்டுகிறது?

#4 நாளமில்லான்

பருமனான பிள்ளைகள் பலர் சீக்கிரம் பருவமடைகிறார்கள், சீக்கிரம் உயர்கிறார்கள், எலும்பின் வயது முந்தி ஓடுகிறது. அதே வயதுச் சராசரியோடு ஒப்பிட்டால் எண் கூடத்தான் வரும். உயரத்துக்கும் தசைக்கும் திருத்திப் பார்த்தால் அந்த மேன்மை சுருங்கிவிடும். சுமக்கும் எடையோடு ஒப்பிட்டால் பல பிள்ளைகளுக்குக் குறைவாகவே நிற்கும். விழும்போது மணிக்கட்டில் இறங்கும் விசை எடையோடு கூடுகிறது, எலும்பின் பலம் அதே அளவுக்குக் கூடவில்லை.

இன்னொன்று: 15 வயதுப் பிள்ளையின் அறிக்கையில் டி-ஸ்கோர் அச்சாகி வந்தால் அதைப் பேனாவால் அடித்துவிடுங்கள். அது முழு வளர்ச்சியடைந்த இளைஞரோடு ஒப்பிடும் எண். பிள்ளைகளுக்கு இசட்-ஸ்கோர்தான் (அதே வயதுச் சராசரியோடு ஒப்பிடும் எண்); அளக்கும் இடம் கீழ்முதுகும் தலை நீங்கலான முழு உடலும். இசட்-ஸ்கோர் மைனஸ் 2 என்பதை மட்டும் வைத்து "ஆஸ்டியோபோரோசிஸ்" என்று எழுதவும் கூடாது. அதோடு முறிவு வரலாறும் வேண்டும்: 10 வயதுக்குள் இரண்டு நீண்ட எலும்பு முறிவு, அல்லது 19க்குள் மூன்று. பெரிய அடி எதுவுமில்லாமல் முதுகெலும்பு நசுங்கியிருந்தால் அது ஒன்றே போதும், எண் தேவையில்லை.

#5 எல்மூன்று

அளக்கும் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது.

டெக்ஸாவால் மஜ்ஜைக் கொழுப்பை அளக்க முடியாது. அதற்குத் தெரிந்தது எலும்பு, மென்திசு என்ற இரண்டே வகை. எலும்புக்குள் இருக்கும் கொழுப்பும் வயிற்றின் மேல் சீரில்லாமல் தொங்கும் கொழுப்பும் சேர்ந்து அதன் கணக்கைக் குழப்பும். மஜ்ஜைக்கு இரண்டு வழி: எம்ஆர் ஸ்பெக்ட்ராஸ்கோபி (எம்ஆர்ஐ கருவியில் நீரின் சிக்னலையும் கொழுப்பின் சிக்னலையும் தனித்தனிச் சிகரங்களாகப் பார்ப்பது), அல்லது இரண்டையும் பிரித்துக் காட்டும் டிக்சன் வகைக் கொழுப்பு விகிதப் படம்.

ஸ்பெக்ட்ராஸ்கோபியில் கீழ்முதுகு எலும்பு ஒன்றின் படத்துக்குள் 15 மி.மீ. கனசதுரம் ஒன்றை அளக்கும் பெட்டியாகக் குறிக்கிறோம். நீரின் சிகரம் 4.7 பிபிஎம்மில், கொழுப்பின் பெரிய சிகரம் 1.3இல். நீரை அமுக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும். அதை மறந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது. வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்:

கனசதுரம் எலும்பின் பின்பக்க நடுவில் உள்ள சிரையில் உட்கார்ந்துவிடும்; நீர் கூடும், கொழுப்பு குறைவாகத் தெரியும். மேல்கீழ் விளிம்பிலிருந்தும் சில மி.மீ. தள்ளியே வையுங்கள், எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு உள்ளே வந்தால் அதே கோளாறு. 3 டெஸ்லா காந்தமுள்ள கருவியில் நீருக்கும் கொழுப்புக்கும் சுமார் 440 ஹெர்ட்ஸ் வித்தியாசம். அதனால் நீரை அளக்கும் பெட்டியும் கொழுப்பை அளக்கும் பெட்டியும் ஒன்றுக்கொன்று சற்று நகர்ந்திருக்கும். சின்னப் பிள்ளையின் சின்ன எலும்பில் இது பெரிய பிழை. மூன்றாவது, மஜ்ஜை நீரின் டி2 (சிக்னல் மங்க எடுக்கும் நேரம்) குறைவு, சீக்கிரம் மங்கும். ஒரே எக்கோ நேரத்தில் எடுத்துத் திருத்தாமல் விட்டால் கொழுப்பு கூடுதலாகத் தெரியும். டிக்சன் எடுப்பவர்கள் டி2-நட்சத்திரத் திருத்தமும் பல சிகரக் கொழுப்பு மாதிரியும் உள்ள முறையைத்தான் எடுக்க வேண்டும். எலும்புக்குள் வலைபோல ஓடும் சட்டம் சிக்னலைத் தின்றுவிடும்.

எந்த எலும்பு என்பதை எழுதாத அறிக்கை குப்பை. கீழ்முதுகின் ஐந்து எலும்புகளில் எல்1இலிருந்து எல்5க்கு இறங்க இறங்கக் கொழுப்பு கூடும். சென்ற ஆண்டு எல்1, இந்த ஆண்டு எல்4 என்று ஒப்பிட்டுக் "கூடிவிட்டது" என்று சொல்வது அபத்தம்.

எண்ணிலும் ஒரு பொறி. சிலர் கொழுப்பு-நீர் விகிதம் தருவார்கள், சிலர் கொழுப்புச் சதவீதம். விகிதம் 0.5 என்றால் 50 சதவீதம் அல்ல, 33 சதவீதம். விகிதம் 1 என்றால்தான் 50. இதைக் கலந்து எழுதிய மாநாட்டுச் சுவரொட்டிகள்கூட உண்டு.

#6 சல்லடை

எல்லாம் சரி. ஒரே ஒரு நாளில் படம் எடுத்து "பருமன் மஜ்ஜைக் கொழுப்பை உண்டாக்குகிறது" என்று எப்படிச் சொல்வது? ஒரே நாள் படத்தில் தெரிவது சேர்ந்திருப்பது மட்டும். எது முன்னால் வந்தது என்று படத்துக்குத் தெரியாது.

யாரும் கணக்கில் சேர்க்காத ஒன்றும் உண்டு: ரத்தசோகை. பருமனில் அழற்சியால் ஹெப்சிடின் (இரும்பு உள்ளே வருவதைத் தடுக்கும் ஹார்மோன்) ஏறும், குடல் இரும்பை உள்ளே விடாது. அப்படி ஒரு பெண்பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைந்தால், மஞ்சளாகிவிட்ட மஜ்ஜை ரத்தம் தயாரிக்க மறுபடி சிவப்பாகத் திரும்பும். கொழுப்பு விகிதம் குறையும். "ஆகா, மஜ்ஜை அருமை" என்று எழுதிவிடுவார்கள்! ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பக்கத்தில் இல்லாத மஜ்ஜைக் கொழுப்பு எண்ணை நான் நம்புவதில்லை.

#7 எல்மூன்று

@சல்லடை, முழுதும் ஒப்புக்கொள்கிறேன். இதன் மறுபக்கம் தினசரிப் படம் பார்ப்பவர்களுக்கு உதவும். பருமனான இளம்பெண்ணுக்கு முழங்கால் எம்ஆர்ஐ எடுத்தால், தொடையெலும்பின் கீழ்முனையில் திட்டுத்திட்டாகச் சிவப்பு மஜ்ஜை தெரிவது சாதாரணம். புகைப்பவர்களிடமும் நெடுந்தூரம் ஓடுபவர்களிடமும் தெரியும். டி1 படத்தில் (கொழுப்பு வெளுப்பாகத் தெரியும் எம்ஆர்ஐ படம்) அந்தத் திட்டு தசையைவிடக் கொஞ்சமாவது வெளுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. தசையைவிடக் கறுப்பு என்றால் விடக்கூடாது, ரத்தப் பரிசோதனையோடு மேலே போக வேண்டும்.

#8 கொங்குவாசகி

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். ரத்தப் பரிசோதனையில் இந்த மஜ்ஜைக் கொழுப்பு தெரியுமா? பருமனான எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

#9 நாளமில்லான்

தெரியாதுங்க. எடுக்கவும் வேண்டாம். இது இன்றும் ஆராய்ச்சிக்கான அளவுதான். இந்த எண்ணுக்குமேல் போனால் இந்த மருந்து என்று எந்த வரம்பும் இல்லை. யாராவது "மஜ்ஜைக் கொழுப்பு பேக்கேஜ்" என்று விற்றால் காசை மிச்சம் பிடியுங்கள்.

அந்தக் காசில் பார்க்க வேண்டியவை வேறு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2015 வரைபடத்தில் பிஎம்ஐ (அதில் 5 முதல் 18 வயதுக்கு, பெரியவர்களின் 23க்குச் சமமான கோடு அதிக எடை, 27க்குச் சமமான கோடு பருமன்), இடுப்புச் சுற்றளவு, ஹீமோகுளோபின், வைட்டமின் டி, சர்க்கரை, கல்லீரல் நொதி, முன்பு எலும்பு முறிந்ததா என்ற கேள்வி. நீண்டநாள் ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளையென்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள், ஸ்டீராய்டும் மஜ்ஜைக் கொழுப்பைக் கூட்டும்.

#10 மல்லிப்பந்தல்

எடையைக் குறைத்தால் மஜ்ஜைக் கொழுப்பும் குறையும் என்று கையேட்டில் அடுத்த வரியாகப் போடலாமா?

#11 நாளமில்லான்

போடாதீர்கள். இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

2023இல் ரேடியாலஜி இதழில் பாஸ்டன் குழு ஒன்று இரண்டு ஆண்டுக் கணக்கை வெளியிட்டது. பருமனான இளையோர், சராசரி வயது 18. 25 பேருக்கு இரைப்பையைக் குறுக்கும் ஸ்லீவ் அறுவை. 29 பேர் அறுவை இல்லாத ஒப்பீட்டுக் குழு. அறுவை செய்தவர்களுக்கு எடை நன்றாக இறங்கியது. ஆனால் கீழ்முதுகில் மஜ்ஜைக் கொழுப்பு ஏறியது, உள்சட்ட எலும்பின் அடர்த்தியும் கணக்கிட்ட பலமும் இறங்கின. உள்வயிற்றுக் கொழுப்பு கரைந்தால் மஜ்ஜையும் கரையும் என்று நினைத்தால் நேர் எதிர்!

காரணம் #2இல் சொன்னதுதான். சட்டென்று விழும் எடையை உடல் பட்டினியாகவே படிக்கிறது. பாரம் குறைகிறது, தசையும் கரைகிறது, கால்சியம் உள்ளே போவது குறைகிறது. இதைவைத்து அறுவையே கூடாது என்று சொல்லவில்லை. சர்க்கரை நோயும் மூச்சுத்திணறலும் உள்ள பிள்ளைக்கு அதன் பயன் பெரிது. ஆனால் அறுவைக்குப் பிந்தைய பட்டியலில் எலும்பு கடைசி வரியாக இருக்கக்கூடாது.

#12 எல்மூன்று

ஒரு சின்ன எச்சரிக்கை. அந்த அடர்த்தி சிடியில் அளந்தது. ஒற்றை ஆற்றல் சிடியில் மஜ்ஜைக் கொழுப்பு கூடினாலே எலும்பு அடர்த்தி குறைந்ததுபோல் தெரியும், ஏனென்றால் கொழுப்பின் எண் நீரைவிடக் கீழே. ஆகவே இறக்கத்தில் ஒரு பங்கு அளவுக்கோளாறாக இருக்கலாம். முழு இறக்கமும் அதனால் என்றும் சொல்ல முடியாது.

#13 படிக்கட்டு

இயன்முறைப் பக்கத்திலிருந்து. தசையும் பாரமும் இல்லாமல் எடை மட்டும் இறங்கினால் எலும்பு தோற்கும். ஆனால் "குதி, ஓடு" என்று பருமனான பிள்ளையைத் துரத்தவும் முடியாது.

முதலில் இடுப்பைப் பாருங்கள். 10 முதல் 16 வயது, பருமன், நொண்டல், இடுப்பிலோ தொடையிலோ முழங்காலிலோ வலி என்றால் உடற்பயிற்சியை அன்றே நிறுத்துங்கள். தொடையெலும்பின் தலை வளர்ச்சித் தகட்டிலிருந்து வழுக்கும் நோயாக இருக்கலாம். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று அனுப்புவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. வலி முழங்காலில், கோளாறு இடுப்பில். இரண்டு பக்க இடுப்புக்கும் நேர்ப்படமும் தவளைக்கால் நிலைப்படமும் எடுக்க வேண்டும். அதுவரை காலை ஊன்றவே விடாதீர்கள்.

இடுப்பு சரியென்றால்: முதல் 4 வாரம் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, 10 முதல் 15 செ.மீ. படியில் ஏறி இறங்குவது, சுவரைத் தள்ளுவது; ஒவ்வொன்றும் 10 முறை, 2 சுற்று, வாரம் 3 நாள். வலியில்லாமல் 3 சுற்று வந்தபின் கைச்சுமை. அதன்பிறகே தரையிலிருந்து இரண்டு காலால் சின்னத் தாவல், 10இல் தொடங்கி. முழங்கால் உள்ளே மடிந்தால் தாவலுக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

2001இல் அமெரிக்காவில் 6 முதல் 10 வயதுப் பிள்ளைகள் 61 செ.மீ. பெட்டியிலிருந்து தடவைக்கு 100 முறை, வாரம் 3 நாள், 7 மாதம் குதித்தார்கள். தொடைக்கழுத்தின் கனிமம் ஒப்பீட்டுக் குழுவைவிட 4.5 சதவீதம் கூடியது. அந்த உயரத்தை 90 கிலோப் பையனுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம், அவன் எடையே பாதி வேலையைச் செய்துவிடும். நீச்சல், சைக்கிள் இரண்டும் மூச்சுக்கு நல்லது, எலும்புக்குப் போதாது.

#14 சல்லடை

உடற்பயிற்சி மஜ்ஜைக் கொழுப்பைக் குறைக்கும் என்பதற்கு 2014 எலிச் சோதனை ஒன்றைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். கொழுப்புத் தீனி தின்ற எலிகள் சக்கரத்தில் ஓடின, மஜ்ஜைக் கொழுப்பு ஏறுவது அடங்கியது. நல்ல சோதனை. ஆனால் எலி எலிதான். இரவெல்லாம் தானாக ஓடும். நம் பிள்ளைகளுக்கு டியூஷன் முடியவே எட்டு மணி.

#15 மல்லிப்பந்தல்

உணவுப் பக்கத்தை நான் போட்டுவிடுகிறேன், தவறிருந்தால் சொல்லுங்கள்.

ஐசிஎம்ஆர் 2020 அளவுப்படி 13 முதல் 15 வயதுக்கு நாளுக்கு 1000 மி.கி. கால்சியம், 16 முதல் 18க்கு 1050. பால் அல்லது தயிராக 400 மி.லி. (சுமார் 480), கேழ்வரகு மாவு 50 கிராம் (சுமார் 180), முருங்கைக்கீரை 50 கிராம் (சுமார் 150), எள் 10 கிராம் (100க்கு மேல்). 900ஐத் தாண்டிவிடும், மீதி மற்ற உணவில் வரும். கேழ்வரகைக் கூழாகப் புளிக்கவைத்தோ முளைகட்டியோ கொடுத்தால் கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறையும். சர்க்கரை போட்ட "ராகி மால்ட்" டப்பா இந்தக் கணக்கில் சேராது.

எடை குறைப்பு: 12 முதல் 18 வயதில், தீவிரப் பருமனிலும் வாரத்துக்குச் சுமார் 900 கிராமுக்கு மேல் வேண்டாம். இன்னும் உயரும் பிள்ளைக்குப் பல நேரம் எடை ஏறாமல் நின்றாலே போதும், உயரம் பிஎம்ஐயை இறக்கிவிடும். இரவுச் சாப்பாட்டை வெட்டுவது, ஒரு மாதம் பழம் மட்டும் என்பவை எலும்பின் பார்வையில் பட்டினிதான்.

#16 நாளமில்லான்

சரியாக இருக்கிறது. வைட்டமின் டி மட்டும் சேர்க்கிறேன். அது கொழுப்பில் கரைவது. பெரிய உடலில் பரவி நீர்த்துவிடும். அதனால் பருமனானவர்களுக்கு வழக்கமான அளவைப்போல் 2, 3 மடங்கு தேவைப்படும். ரத்தத்தில் மி.லி.க்கு 12 நானோகிராமுக்குக் கீழே குறைபாடு, 12 முதல் 20 போதாமை. 60,000 யூனிட் பொட்டலத்தை மருந்துக்கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் தொடர்வது ஆபத்து. கால்சியம் ஏறி, வாந்தி, சிறுநீரகக் கல் வரை போகும்.

ஸ்லீவ் செய்தவர்களுக்குக் கால்சியம் சிட்ரேட் மாத்திரை நல்லது, கார்பனேட்டுக்கு வேண்டிய அமிலம் அந்த வயிற்றில் குறைவு. ஒரே வேளையில் 500, 600 மி.கி.க்கு மேல் போட்டால் வீண். இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரம் இடைவெளி.

#17 மல்லிப்பந்தல்

திருத்திய வரி இதோ: "பருமன், குறிப்பாக வயிற்றுப் பருமன், வளரும் வயதில் எலும்பு மஜ்ஜையில் கொழுப்பைக் கூட்டுகிறது. பட்டினி கிடந்து எடையைச் சட்டென்று குறைத்தாலும் அதேதான் நடக்கும்."

#18 சல்லடை

"கூட்டுகிறது" வேண்டாம், "கூடுதலாகக் காணப்படுகிறது" என்று போடுங்கள். #6ஐ மறுபடி பார்க்கவும். "எப்போதும்" என்று எங்காவது பின்னால் ஒட்டிக்கொண்டால் அதையும் வெட்டுங்கள். இரண்டாவது வாக்கியத்துக்கு ஆட்சேபணை இல்லை.

#19 படிக்கட்டு

முழங்கால் வலி, இடுப்பு எக்ஸ்ரே வரியையும் கையேட்டில் எங்காவது நுழைத்துவிடுங்கள். பள்ளி பி.டி. ஆசிரியர் கண்ணில் படுகிற பக்கமாக.